கவுன்சில் கட்டிடத்தில் ஜன்னல் மாறுகிறது, பில் யாருக்கு?

இங்கிலாந்தில் உங்கள் கவுன்சிலிலிருந்து (உள்ளாட்சி நிர்வாகம்) தடித்த உறை ஒன்று வருகிறது. கட்டிடத்தின் வெளிச்சுவருக்குக் குளிர் தடுக்கும் இன்சுலேஷன் போடப் போகிறோம், ஜன்னல்களை இரட்டைக் கண்ணாடியாக மாற்றப் போகிறோம், உங்கள் பங்கு இத்தனை ஆயிரம் பவுண்டு என்கிறது உள்ளே இருக்கும் கடிதம். அடுத்த கதவில் வாடகைக்கு இருப்பவருக்கும் அதே ஜன்னல்தான், ஆனால் அவருக்கு பில் வராது. அவர் பங்கைக் கவுன்சில் ஏற்றுக்கொள்ளும். 'ரைட் டு பை' (வாடகைக்கு இருந்தவரே கவுன்சில் வீட்டைத் தள்ளுபடியில் வாங்கும் திட்டம்) வழியாக ஃப்ளாட்டை வாங்கியவருக்கும், அவரிடமிருந்து பின்னால் வாங்கியவருக்கும்தான் இந்தச் செலவு. வீடு நம்முடையது என்கிறோம். சுவரும் கூரையும் கவுன்சிலுடையவை, நம் கையில் இருப்பது லீஸ், அதாவது நீண்டகாலக் குத்தகை மட்டுமே. (இங்கே சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்காட்லாந்தில் ஏற்பாடு வேறு.)

எனவே முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது லீஸைத்தான். பழுதுபார்ப்பதற்குப் பணம் கேட்க அநேகமாக எல்லா லீஸும் இடம் கொடுக்கும். மேம்படுத்துவதற்கும் கேட்கலாம் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், நல்லாயிருக்கும் ஜன்னலைப் பிடுங்கிவிட்டு இன்னும் நல்ல ஜன்னல் வைத்ததற்கு உங்களிடம் வசூலிப்பது கடினம். உளுத்துப்போன ஜன்னல் சட்டகத்தை மாற்றும்போது இன்றைய தரத்துக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் அதைப் பழுது என்றே வாதிடுவார்கள், பெரும்பாலும் எடுபடும். வெளிச்சுவர் இன்சுலேஷன் அப்படியல்ல. முன்பு இல்லாததைப் புதிதாக ஒட்டுகிறார்கள். சண்டை வருவது இங்கேதான்.

ஹவுன்ஸ்லோ கவுன்சிலுக்கு எதிரான வழக்கொன்றில் 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது நமக்கு உதவும். மர ஜன்னல்களை உலோக ஜன்னல்களாக மாற்றப் போய், வெளிச்சுவர்ப் பலகைகளை மாற்றி, அதற்குப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸையும் அகற்ற வேண்டிவந்தது. ஒரு ஃப்ளாட்டுக்கு வந்த பில் 55,000 பவுண்டுக்கு மேல். பழுதுபார்ப்பது கவுன்சிலின் கடமை, மேம்படுத்துவது அதன் விருப்பம் என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. விருப்பத்தின் பேரில் செய்யும் வேலையென்றால், ஃப்ளாட் உரிமையாளர்களின் கருத்தையும் அவர்கள்மேல் விழும் பணச்சுமையையும் கவுன்சில் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கையும் ஆராய வேண்டியதில்லை; ஆனால் 'லீஸில் இடமிருக்கிறது, கட்டு' என்பதோடு முடிந்துவிடாது.

கருத்துச் சொல்லும் இடம் செக்ஷன் 20 நோட்டீஸ், அதாவது பெரிய வேலைக்கு முன் உங்களைக் கலந்தாலோசிக்கக் கவுன்சில் அனுப்பும் அறிவிப்பு. ஒரு வேலைக்கு உங்கள் பங்கு 250 பவுண்டைத் தாண்டினாலே கலந்தாலோசனை கட்டாயம். வழக்கமாக இரண்டு கட்டம்: என்ன வேலை, ஏன் என்று ஒரு நோட்டீஸ், பிறகு ஒப்பந்தக்காரர்களின் மதிப்பீடுகளோடு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் 30 நாள். ஒப்பந்தக்காரரோடு ஏற்கெனவே நீண்டகால ஒப்பந்தம் இருந்தால் ஒரே ஒரு நோட்டீஸ்தான் வரும், அதைக் கவனிக்காமல் விட்டால் வாய்ப்பு போனது. கலந்தாலோசிக்காமல் வேலையைச் செய்தால், இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் விலக்கு அளித்தாலொழிய 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது. விலக்கு அப்படியொன்றும் அபூர்வமல்ல, அதனால் இந்த 250 பவுண்டு வரம்பையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 30 நாளுக்குள் எழுத்தில் கேளுங்கள்: எது பழுது, எது மேம்பாடு? தனித்தனியாக எவ்வளவு? அரசு மானியம் எவ்வளவு வருகிறது, அது எங்கள் பங்கையும் குறைக்குமா?

மானியத்தைப் பற்றிக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூரை வேலைக்காக 93 வயது மூதாட்டி ஒருவருக்கு ஏறத்தாழ 50,000 பவுண்டு பில் போனதைத் தொடர்ந்து 2014-ல் வந்த விதியை 'ஃப்ளோரியின் சட்டம்' என்கிறார்கள். அது ஐந்து ஆண்டு காலத்துக்கு லண்டனில் 15,000, வெளியே 10,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைக்கிறது. ஆனால் அந்த விதி குறிப்பிடும் அரசு உதவி அந்த வேலைக்கு வந்திருக்க வேண்டும், அந்த ஃப்ளாட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விட்டிருப்பவருக்கு இந்தக் குடை கிடையாது. கவுன்சில் முழுக்கத் தன் பணத்தில் செய்தால் உச்சவரம்பும் இல்லை. பாதிப்பேர் கேள்விப்பட்டதோடு நம்பி ஏமாறுவது இங்கேதான். தீப்பிடிக்கும் கிளாடிங்கை (வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகை) அகற்றுவதற்கு 2022-ன் கட்டிடப் பாதுகாப்புச் சட்டம் தரும் பாதுகாப்பும் வேறு. குளிர் தடுக்கப் போடும் இன்சுலேஷனுக்கு அது பொருந்தாது.

கவுன்சிலிடமிருந்து நேரடியாக வாங்கி ஐந்து ஆண்டு ஆகவில்லையா? அப்போது கவுன்சில் விலையையும் வரப்போகும் வேலைகளையும் குறிப்பிட்டுத் தந்த செக்ஷன் 125 நோட்டீஸைத் தேடி எடுங்கள். அதில் குறிப்பிடாத மேம்பாட்டுக்கு அந்தக் காலத்தில் பணம் கேட்க முடியாது.

பில் வந்த பிறகும் வழி அடைபடவில்லை. தொகை நியாயமானதா என்பதை முதல்நிலைத் தீர்ப்பாயம் தீர்மானிக்கும். பணம் கட்டிவிட்டதாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகாது, கட்டிவிட்டும் போகலாம். கவுன்சிலின் வழக்குச் செலவை உங்கள் சர்வீஸ் சார்ஜில் (பராமரிப்புக் கட்டணம்) சேர்க்காதபடி செக்ஷன் 20சி-யின் கீழ் கூடவே விண்ணப்பியுங்கள். செலவு ஏற்பட்டு 18 மாதத்துக்குள் பில்லோ எழுத்தில் அறிவிப்போ வராவிட்டால் அந்தத் தொகையை வசூலிக்க முடியாது. லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இலவசமாக ஆலோசனை தருகிறது.

என் கருத்தைக் கேட்டால், ஈரம் கசியும் பழைய பிளாக்குக்கு இன்சுலேஷன் வேண்டியதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் கேஸ் பில்லில் மிச்சமாகும் சில நூறு பவுண்டைக் காட்டிப் பல ஆயிரத்தைக் கேட்பது கணக்குக்கு ஒத்துவராது. மேம்பாட்டுச் செலவில் மானியத்தின் பலன் உரிமையாளருக்கும் போய்ச்சேர வேண்டும்.

கட்டத்தான் வேண்டுமென்றால் தவணை கேளுங்கள். அங்கேயே குடியிருப்பவர்களுக்குப் பல கவுன்சில்கள் குறிப்பிட்ட காலம் வட்டியில்லாத் தவணை தருகின்றன. வீட்டை விற்கும்போது எடுத்துக்கொள்ளும்படி அடமானமாகப் பதிவுசெய்வதும் உண்டு. இப்போதுதான் கவுன்சில் ஃப்ளாட் ஒன்றை வாங்கப் பார்க்கிறீர்கள் என்றால், செக்ஷன் 20 நோட்டீஸ் ஏதாவது வந்திருக்கிறதா, அடுத்த ஐந்து ஆண்டில் என்ன வேலை திட்டமிட்டிருக்கிறார்கள் என்று வக்கீல் மூலம் எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் ஏன் அவசரப்படுகிறார் என்பது சில நேரம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.