டைல்ஸுக்கு மேலே 6 மில்லிமீட்டர்

எத்தனை முறை கழுவினாலும் பாத்ரூமில் வாடை போகவில்லை, டாய்லெட்டைச் சுற்றியுள்ள டைல்ஸ் இடுக்கு காயவே மாட்டேன் என்கிறது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். தண்ணீரை மூடிவிட்டு, நட்டைக் கழற்றி, டாய்லெட் கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாக்ஸ் ரிங், அதாவது கோப்பைக்கும் கழிவுக் குழாய்க்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற மெழுகு வளையம். மேலே இருந்தது ஒரு பக்கமாக நழுவி, பாதி மெழுகு குழாய்க்குள் பிதுங்கிக் கிடந்தது. ஃபிளேஞ்ச், அதாவது கழிவுக் குழாயின் வாயில் பொருத்திக் கோப்பையைப் போல்ட்டால் பிடிக்கிற வளையம், டைல்ஸ் மட்டத்துக்கு 9 மி.மீ. கீழே, பள்ளத்தில் இருந்தது.

இது எப்படி நடக்கிறது? டைல்ஸ் போடுவதற்கு முன்பே, வெறும் கான்கிரீட்டில் ஃபிளேஞ்சை உட்கார வைத்துவிடுகிறார்கள். அப்போது பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். அதன்பிறகு 10 மி.மீ. டைல்ஸ், அடியில் 5 மி.மீ. பசை என்று தரை 15 மி.மீ. உயர்ந்துவிடும். ஃபிளேஞ்ச் மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

ஃபிளேஞ்சின் அடிப்பாகம் டைல்ஸ் மேலேயே உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அதன் மேல்விளிம்பு டைல்ஸிலிருந்து சுமார் 6 மி.மீ. உயரத்தில் வரும். சாதாரண வாக்ஸ் ரிங் ஒன்றே நன்றாக அமுங்கி அடைத்துக்கொள்ளும். அதனால் தரையை முடிக்கும் முன்பே டைல்ஸ் கனத்தையும் பசைக் கனத்தையும் பிளம்பரும் டைல்ஸ் போடுபவரும் சேர்ந்து பேசிக்கொள்வது அவசியம். பெரும்பாலும் இருவரும் ஒரே நாளில் வேலைக்கு வருவதில்லை, தவறு அங்கேதான் நுழைகிறது.

ஏற்கெனவே தாழ்ந்துவிட்டதா? சில மி.மீ. குறைவு என்றால் கனமான வாக்ஸ் ரிங் போதும். அதற்கு மேல் என்றால் ஃபிளேஞ்ச் மேல் வைக்கிற ஸ்பேசர் வளையம் கிடைக்கிறது. ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவில் சிலிக்கான் தடவி, திருகுகளைக் கீழே கான்கிரீட்டில் பிடிக்கும்படி இறக்க வேண்டும். போல்ட்டும் நீளமானதாக மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு வாக்ஸ் ரிங்கை அடுக்குவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கோப்பை கொஞ்சம் அசைந்தாலே நழுவிவிடும்.

அதிக உயரமும் ஆபத்துதான். கோப்பை தரையில் படியாமல் ஃபிளேஞ்ச் மேலேயே நின்று ஆடும். ஆட்டத்தை நிறுத்த நட்டை இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும்.

எந்த வேலையிலும் நான் விடாமல் செய்வது ஒன்று உண்டு. வாக்ஸ் இல்லாமல் கோப்பையை ஒரு தடவை வைத்து, இரு கைகளாலும் அழுத்திப் பார்ப்பேன். ஆடினால் காரணம் ஃபிளேஞ்சா, தரை மேடுபள்ளமா என்று அப்போதே தெரிந்துவிடும். தரைதான் காரணம் என்றால் பிளாஸ்டிக் ஆப்பு வைத்துச் சரிசெய்வேன். அப்புறம்தான் வாக்ஸ். ஒருமுறை அமுங்கிய வாக்ஸைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, கோப்பையைத் தூக்கினால் புதியதுதான்.

கடைசியில் அடிப்பாகத்தைச் சுற்றி சிலிக்கான் பூசும்போது, பின்பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுவேன். கசிவு ஏற்பட்டால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். நான் சொன்ன வீட்டில் இடைவெளியே விடாமல் சுற்றிலும் அடைத்திருந்தார்கள். அதனால் கழிவுநீர் வெளியே தெரியாமல் டைல்ஸுக்கு அடியிலேயே ஊறியிருக்கிறது. கோப்பையைச் சுற்றி நான்கு டைல்ஸைப் பெயர்த்தெடுக்க வேண்டியதாயிற்று.