சேவல் நொண்டினால் முதலில் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்

கொல்லைப்புறத்தில் நான்கைந்து கோழிகளோடு ஒரு சேவலையும் வளர்ப்பவர்கள், அது ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைக் கண்டதும் பெரும்பாலும் ‘வாதம்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கால்நடை மருத்துவமனைக்கு அந்தச் சேவல் வந்து சேர்வதற்குள் பல நாட்கள் எண்ணெய் தேய்த்திருப்பார்கள், மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையைப் பொடித்து ஊட்டியிருப்பார்கள், பறவையும் நெஞ்செலும்பு துருத்தித் தெரியும் அளவுக்கு இளைத்திருக்கும். நொண்டுவது ஓர் அறிகுறிதான், அதுவே நோயாகிவிடாது. பாதத்தில் தைத்த முள், மூட்டில் சேர்ந்த சீழ், நரம்பைத் தாக்கிய வைரஸ் ஆகிய மூன்றும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நொண்டலாகவே தெரியும். முதலாவது எளிதில் குணமாகும். மூன்றாவதற்கு மருந்தே கிடையாது. எனவே மருந்தைத் தேடுவதற்கு முன்னால் காலின் எந்த இடத்தில் கோளாறு என்பதைக் கண்டறிவதே முக்கியம்.

சேவலைப் பிடிப்பதற்கு முன் சற்றுத் தொலைவில் நின்று கவனியுங்கள். ஆள் நெருங்கினால் கோழியினம் தன் பலவீனத்தை மறைத்துக்கொள்ளும். காலை ஊன்றவே மறுக்கிறதா, ஊன்றி வலியோடு நடக்கிறதா, வலியே இல்லாததுபோல் கால் துவண்டு பின்னால் இழுபடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு துண்டில் சிறகுகளோடு சுற்றி மடியில் வைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, விரல் இடுக்குகளை விரித்துச் சோதித்து, இரு கால்களையும் ஒரே நேரத்தில் தடவி எந்தப் பக்கம் வீக்கமோ சூடோ இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். நடுக்காலில் பின்புறமாக மடங்கும் மூட்டைப் பலரும் முழங்கால் என்று காட்டுகிறார்கள். அது கணுக்கால் மூட்டு. உண்மையான முழங்கால் இறகுகளுக்குள் உடலோடு ஒட்டி இருப்பதால், அங்கே ஏற்படும் வீக்கம் கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் உணர முடியும்.

உடல் கனத்த பெருவிடை, அசில் சேவல்களில் நான் மிக அதிகமாகக் காண்பது பாதப் புண். கால் ஆணி என்று பலர் சொல்லும் இந்நோயில் உள்ளங்காலின் நடுவில் கறுப்பாக ஒரு பொருக்கும், அதைச் சுற்றித் தடித்த வீக்கமும் இருக்கும். மூன்று, நான்கு கிலோ எடையுள்ள சேவல் உயரமான கிளையிலிருந்தோ மதிலிலிருந்தோ சிமெண்டுத் தரையில் நாள்தோறும் குதிக்கும்போது பாதத்தின் தோல் நைந்து, அந்த இடத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா நுழைந்துவிடுகிறது. கோழியின் சீழ் நம்முடையதைப்போல் நீராக வழியாது; பாலாடைக்கட்டிபோல் இறுகிவிடும். ஆகவே பிதுக்கினால் வெளியே வராது. அழுத்தத்தில் தொற்று தசைநாண் வரைக்கும் உள்ளே இறங்கும். வீட்டில் பிளேடால் கீறிப் பார்த்துவிட்டுக் கொண்டுவரப்படும் சேவல்களில் பாதி வேலை கெட்டுப்போயிருக்கும் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தொடக்கநிலையில், அதாவது பொருக்கு சிறியதாகவும் வீக்கம் குறைவாகவும் இருக்கும்போது, வெதுவெதுப்பான நீரில் சிறிது போவிடோன் அயோடின் கலந்து பாதத்தைப் பத்து நிமிடம் ஊறவைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, மருத்துவர் சொன்ன களிம்பைப் பூசி, பஞ்சும் துணியும் வைத்து மெத்தென்று கட்டலாம். கட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கையுறை அணிந்துகொள்ளுங்கள், ஏனெனில் இந்தப் பாக்டீரியா மனிதரின் தோலிலும் புண்ணை உண்டாக்கக்கூடியது. பாதம் உருண்டு வீங்கியிருந்தாலோ கணுக்கால் மூட்டும் சூடாக இருந்தாலோ அறுவை தேவைப்படும். அதை மருத்துவரே செய்ய வேண்டும். புண் ஆறிய பிறகும் அதே சிமெண்டுத் தரையும் அதே உயரமும் தொடர்ந்தால் ஆணி திரும்ப வரும். அடையும் கட்டையை நம் முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, அதன் முனைகளை மழுக்கி, கீழே உலர்ந்த வைக்கோலோ தேங்காய் நாரோ பரப்புவது எந்தக் களிம்பையும்விடப் பயன் தரும்.

சேவலை ஒற்றைக் காலில் நைலான் கயிற்றால் கட்டி வைக்கும் வழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது. கயிறு இறுகி இரத்த ஓட்டம் தடைப்படும்போது அதற்குக் கீழே பாதம் வீங்கிக் குளிர்ந்து கறுக்கத் தொடங்கும். அந்த நிலையில் விரல்களைக் காப்பாற்றுவது அரிது. விரல்களில் சுற்றிக்கொள்ளும் தலைமுடியும் தையல் நூலும், குஞ்சுப் பருவத்தில் அடையாளத்துக்கு மாட்டி மறந்துபோன பிளாஸ்டிக் வளையமும் இதே வேலையைச் செய்கின்றன. கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அகலமான மெல்லிய துணிப்பட்டையைப் பயன்படுத்தி, தினமும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக் கட்டுங்கள்.

கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தடித்திருந்தால் அது செதிலுக்கடியில் வளை தோண்டி வாழும் நுண்ணிய உண்ணியின் வேலை. மண்ணெண்ணெய் தடவாதீர்கள், தோல் வெந்துவிடும். தேங்காய் எண்ணெயையோ வேப்பெண்ணெயையோ சில நாட்களுக்கு ஒருமுறை தடவிவந்தால் உண்ணி மூச்சடைத்துச் சாகும். தீவிரமானால் மருத்துவர் ஐவர்மெக்டின் தருவார். ஒரு சேவலுக்கு வந்தால் கூட்டிலுள்ள எல்லாக் கோழிகளுக்கும் சிகிச்சை வேண்டும்.

வெளியே புண்ணோ வீக்கமோ இல்லாமல் கால் செயலிழந்தால் வயதைக் கேட்பேன். மூன்று முதல் ஆறு மாத வயதுள்ள இளஞ்சேவல், ஒரு கால் முன்னும் மறு கால் பின்னும் நீண்டபடி சாய்ந்து கிடந்தால் மேரக்ஸ் நோயை ஐயுற வேண்டும். இது தொடைநரம்பைத் தடிக்கச் செய்யும் ஹெர்பிஸ் வகை வைரஸ். இறகுத் துகளோடு கலந்த தூசியில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போட வேண்டிய தடுப்பூசி, தாய்க்கோழி அடைகாத்துப் பொரிக்கும் நாட்டுக்குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. குஞ்சுகளை வெளியிலிருந்து வாங்கினால், இது போடப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பல கோழிகள் ஒரே நேரத்தில் சோர்ந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சிலவற்றின் கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல். பிழைத்தவற்றிலும் கால் இழுப்பு தங்கிவிடலாம். இதற்குத் தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. சில வாரக் குஞ்சுகளின் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டால் வைட்டமின் பி2 குறைவு காரணமாகலாம். சீக்கிரம் கொடுத்தால் தேறும். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டுமே தின்று வளரும் சேவலுக்கு, அதிலுள்ள மிகுதியான கால்சியத்தால் சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் யூரேட் என்னும் யூரிக் அமில உப்பு படிவதும் உண்டு.

மனிதருக்கான வலி மாத்திரை வேண்டவே வேண்டாம். டைக்குளோஃபினாக் என்னும் வலிமருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் சடலங்களைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம்கூட்டமாக மடிந்ததால், 2006இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அந்த மருந்து கோழியின் சிறுநீரகத்தையும் தாக்கும். பறவைக்கு ஏற்ற வலிமருந்துகள் இருக்கின்றன, எடை பார்த்து மருத்துவர் தருவார். ஆன்டிபயாடிக் கொடுத்தால், அவர் சொல்லும் நாட்கள் முடியும்வரை அந்தப் பறவையின் இறைச்சியை உண்ணக் கூடாது.

எந்தக் காரணமானாலும், நொண்டும் சேவலை மற்றவற்றிடமிருந்து பிரித்து, வைக்கோல் பரப்பிய பஞ்சாரத்துக்குள் விட்டு, தண்ணீரையும் தீவனத்தையும் அலகுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நோயைவிடத் தாகத்தாலேயே பல சேவல்கள் சாகின்றன. எழ முடியாததைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். கணுக்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தால் மெல்லிய குச்சி வைத்துக் கட்டினால் மூன்று வாரமளவில் கூடிவிடும். விரல்கள் வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டைத் தளர்த்துங்கள். முறிவு அதற்கு மேலே என்றால் நீங்களாகக் கட்டாதீர்கள். இரு கால்களும் செயலிழந்து, பல நாட்கள் கவனித்தும் முன்னேற்றமில்லை என்றால், வேதனையின்றி உயிரை முடித்துவைக்க மருத்துவரிடம் கேட்பதில் குற்றவுணர்வு தேவையில்லை. அப்படி இறந்த பறவையைப் புதைப்பதற்கு முன், குளிர்ச்சியில் வைத்து, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள நோய் ஆய்வுக்கூடத்திலோ உடற்கூறாய்வுக்குக் கொடுத்தால், கூட்டில் மீதமுள்ளவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்.