மீன் தொட்டிக்குப் போகி வேண்டாம்

மீன் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். ஆண்டுதோறும் போகி முடிந்த கையோடு எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வீடு முழுவதையும் கழுவித் துடைத்தவர்கள், ஐந்தாறு மாதங்களாகக் கவனிக்காமல் விட்ட தொட்டியிலிருந்தும் பாதிக்கு மேல் தண்ணீரை இறைத்துவிட்டு, பில்டர் பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். மாலைக்குள் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். அழுக்குத் தண்ணீரில் பிழைத்திருந்த மீன் நல்ல தண்ணீரில் ஏன் சாகிறது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானதுதான்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியாவை, பஞ்சிலும் கற்களிலும் படிந்து வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த மாற்றத்தில் நீரின் காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) சிறிது சிறிதாகச் செலவாவதால், தண்ணீர் மாற்றாத தொட்டியில் பி.எச். (7-க்குக் கீழே இறங்கினால் நீர் அமிலமாகிறது என்று காட்டும் எண்) இறங்கிக்கொண்டே போகும், அது 6-ஐ நெருங்கும்போது பாக்டீரியாக்கள் மந்தமாகி, அம்மோனியா தேங்கத் தொடங்கும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்னும் நஞ்சு குறைந்த வடிவில் இருப்பதால் மீன் தாக்குப்பிடிக்கிறது. அங்கே பி.எச். 8 உள்ள போர் தண்ணீரைப் பாதியளவு ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியத்தில் ஒரு பகுதி மறுபடியும் அம்மோனியாவாக மாறிச் செவுள்களைத் தாக்கும்.

ஆகவே, வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுவது என்பதே நான் சொல்லும் கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் கற்கள் போக ஏறத்தாழ 50 லிட்டர் நிற்கும். அதில் கால் பங்கு என்பது ஒரு பக்கெட் தண்ணீர்தான். வாரத்துக்கு 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) நைட்ரேட் சேரும் தொட்டியில் இப்படி மாற்றிவந்தால் அளவு 40-ஐத் தாண்டாது. பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினால் நாளடைவில் 100 வரை ஏறும். மீன் அதிகமென்றால் மாற்றும் அளவும் கூட வேண்டும், இல்லையென்றால் மீனைக் குறைக்க வேண்டும். (இரண்டாவதை யாரும் விரும்புவதில்லை.)

வெயில் காலத்தில் வற்றியதை நிரப்புவது தண்ணீர் மாற்றுவதாகாது; ஆவியாவது நீர் மட்டுமே, உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். மெட்ரோ தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சேர்க்க வேண்டும். போர் தண்ணீரை ஓர் இரவு ஏர் பம்ப் ஓட்டி வைத்திருந்து ஊற்றுவது நல்லது. வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் காரத்தன்மை அநேகமாக இல்லாததால் அதை மட்டும் ஊற்ற வேண்டாம். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீர் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

மாதக்கணக்கில் விட்டுப்போன தொட்டியாக இருந்தால், முதலில் தீனியைப் பாதியாகக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் அம்மோனியாவையும் பி.எச்.சையும் டெஸ்ட் கிட்டில் பார்த்துவர வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் தொட்டி நீரின் பி.எச். குழாய் நீரின் அளவை நெருங்கி, அம்மோனியாவும் இல்லையென்று தெரிந்த பிறகு வாரக் கணக்குக்கு மாறலாம்.