சாவிக்குள் இருக்கும் கறுப்புத் துண்டு

பெங்களூரில் கார் சாவி செய்வது என் தொழில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு கக்கதாசபுரத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, அம்மாவைக் கூட்டிட்டு சேலம் கிளம்பணும். வண்டி ஸ்டார்ட் ஆகி ரெண்டே செகண்டுல நின்னுடுது. பெட்ரோல் பம்ப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். மீட்டர்ல ஏதோ சாவி படம் போட்ட லைட் வேற மின்னிட்டே இருக்கு."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதுமே பம்பில் குறையில்லை என்று புரிந்துவிட்டது. "நேத்து சாவியைப் பிரிச்சீங்களா தம்பி?" என்று கேட்டேன். சற்று நேரம் பதிலே இல்லை.

பழைய சாவியின் பட்டன் ரப்பர் கிழிந்துவிட்டதாம். ஆன்லைனில் புதுக் கூடு வாங்கி, உள்ளே இருந்த ரிமோட் போர்டை மட்டும் அதில் மாற்றிவிட்டு, பழைய கூட்டைக் குப்பையில் போட்டிருக்கிறார். பட்டனை அழுத்தினால் கதவு திறக்கிறது, வண்டி மட்டும் ஓடவில்லை. ராத்திரி முழுக்க வீடியோ பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் எடுத்தது ஒன்று, சாவியைப் பத்து விநாடிக்குள் எட்டு முறை ஆன் செய்து ஆஃப் செய்தால் வண்டி புதுச் சாவியை ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறது. அதையே திரும்பத் திரும்பச் செய்து பேட்டரியையும் பாதி காலி செய்துவிட்டார்.

அல்சூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவும் பிள்ளையும் பார்க்கிங்கில் பைகளோடு நின்றிருந்தார்கள். நல்லவேளை, உலர் குப்பை எடுக்க இன்னும் ஆள் வரவில்லை. அந்த அம்மாவே மேலே போய்ப் பையைக் கவிழ்த்துப் பழைய கூட்டைத் தேடி எடுத்து வந்தார்கள். பூட்டுக்குள் நுழையும் உலோகப் பிளேடைச் செருகும் ஓரத்தில், ஒரு சின்னக் குழிக்குள், கறுப்பாக, ஒரு பக்கம் சரிந்து, புளியங்கொட்டையை விடச் சிறியதாக ஒரு துண்டு உட்கார்ந்திருந்தது. "இதை வெறும் பிளாஸ்டிக்னு நினைச்சேன் அண்ணா" என்றார் தம்பி. ஊசியால் நெம்பி எடுத்துப் புதுக் கூட்டில் வைத்தேன். வேறு பேட்டரியிலிருந்து ஜம்பர் வயர் போட்டதும் வண்டி முதல் திருகிலேயே பிடித்தது, நிற்கவில்லை.

இப்படி ஒரு போன் எனக்கு மாதாமாதம் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது ஒரு சாவி மாதிரித் தெரிந்தாலும் அதில் மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. பிளேடு பூட்டைத் திருப்புகிறது. பட்டன்கள் உள்ள போர்டு ரேடியோ அலையில் கதவைத் திறந்து மூடுகிறது. மூன்றாவது அந்தக் கறுப்புத் துண்டு, சிப். இதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது அது கொடுக்கும் காந்தப்புலத்திலேயே சிப் உயிர்பெற்றுத் தன் அடையாளத்தைச் சொல்லும். வண்டியின் நினைவில் அந்த அடையாளம் இருந்தால்தான் என்ஜின் ஓட அனுமதி. இந்தக் காவல் ஏற்பாட்டுக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். மாருதி வண்டிகளில் இதையே ஐகேட்ஸ் என்பார்கள்.

ரிமோட்டைப் பொறுத்தவரை நீங்களே செய்துகொள்ள நிறைய இருக்கிறது. முதலில் செல், அதாவது ரிமோட்டுக்குள் இருக்கும் வட்டப் பேட்டரி. பட்டனை அழுத்தினால் தூரம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் பெரும்பாலும் செல்தான். பழைய செல்லில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். சி.ஆர். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அந்த இடத்தில் 2025 வைத்தால் அகலம் பொருந்தும், தடிமன் 2.5தான், தொட்டும் தொடாமலும் கிடந்து ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. மழையில் நனைந்த சாவியை உடனே திறந்து செல்லை எடுத்துவிட்டு உலர விடுங்கள். செல் உள்ளே இருந்தால் போர்டு வேகமாக அரிக்கும்.

அடிப்படை மாடல் வாங்கி, டெலிவரியின்போதோ பிறகு கார் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டிலோ சென்டர் லாக் போட்டவர்கள் நம்மில் ஏராளம். அந்த ரிமோட்டுக்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். எத்தனை முறை அழுத்தவேண்டும் என்று அந்த கிட்டோடு வந்த தாளில் போட்டிருப்பார்கள். புது ரிமோட்டை வீட்டிலேயே பதிந்துகொள்ளலாம், அதற்கு என்னைக் கூப்பிடத் தேவையில்லை. கம்பெனி ரிமோட்டையே இக்னிஷனை ஆன்-ஆஃப் செய்து பதியும் வழி சில மாடல்களுக்கு உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டில் அது இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். கையேட்டில் இல்லாததை வீடியோவில் பார்த்து முயன்றால் அந்தத் தம்பியின் ராத்திரிதான் உங்களுக்கும்.

அமெரிக்க வீடியோக்கள் பொய் சொல்லவில்லை. அங்கே ஃபோர்டு போன்ற வண்டிகள் பலவற்றில், ஏற்கெனவே பதிவான இரண்டு சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் திருப்பிவிட்டு மூன்றாவதை உரிமையாளரே சேர்க்கலாம். இரண்டும் கையில் இருப்பவர்தான் சொந்தக்காரர் என்பது அதன் கணக்கு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அந்த வாசலே கிடையாது. வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியை வைத்துத்தான் சிப்பைப் பதியவேண்டும். ரிமோட்டின் அலைவரிசையும் வேறு. அங்கே 315 மெகாஹெர்ட்ஸ் சாவிகள் அதிகம், இங்கே 433.92. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். வாங்கிவிட்டுப் பிறகு யார் தலைகீழாக நின்றாலும் பதியாது. புஷ் பட்டன் வண்டிகளுக்குப் பழைய ஸ்மார்ட் சாவியை மலிவாக வாங்குவதும் அப்படித்தான். பல கம்பெனிகளின் சாவிகள் முதலில் பதிந்த வண்டியோடு பூட்டிக்கொள்ளும். இன்னொரு வண்டிக்கு அப்படியே போகாது.

சரி, நானே ஒரு ஸ்கேனர் வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதிலும் ஐ.டி.காரர்கள் இருக்கும் ஒயிட்ஃபீல்டு பக்கம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருப்பது உண்மை, கருவி கிடைப்பதும் உண்மை. என் பயம் இரண்டு. பல வண்டிகளில் ரகசிய எண் (PIN) கேட்கும். ஊகித்துப் போட்டால், மூன்று தவறுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்கிற வண்டிகள் உண்டு. அதைவிட மோசம், பாதிப் பதிவில் பேட்டரி இறங்குவது. நினைவில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் விழுந்தால் சாவியை அடையாளம் காணும் அந்த யூனிட்டே செத்துப்போகலாம். சாவிச் செலவு போய் யூனிட் செலவு வந்து நிற்கும். நான் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜர் மாட்டாமல் கருவியையே எடுப்பதில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் முக்கியம். வண்டி தன் நினைவில் எத்தனை சாவிகள் பதிந்திருக்கின்றன என்று எண்ணி வைத்திருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஸ்கேனர் அந்த எண்ணிக்கையைக் காட்டும். தொலைந்த சாவி அந்த நினைவில் இருக்கும்வரை, அதை எடுத்தவன் கையில் உங்கள் வண்டி இருக்கிறது என்று பொருள். புதுச் சாவி செய்தால் பழையது தானாகச் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது, அதை அழிக்கவேண்டும். அழிக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் மீதி எல்லாச் சாவிகளையும் திரும்பப் பதியவேண்டியிருக்கும், அதனால் வீட்டில் இருக்கும் ஸ்பேரையும் கொண்டுவாருங்கள்.

சிலர் பதியவே மாட்டார்கள், இருக்கும் சாவியின் சிப்பை நகல் எடுத்துக் கொடுப்பார்கள். அது ஓடும். ஆனால் வண்டிக்கு இரண்டும் ஒரே சாவிதான், எண்ணிக்கை கூடாது. பின்னால் ஒன்று தொலைந்தால் அதை மட்டும் அழிக்க வழியில்லை. நகலா, பதிவா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

போன வருடம் கார்த்திகை மாதம், ஸ்ரீராமபுரத்து டாக்ஸி அண்ணன் ஒருவர் வந்தார். வண்டி சில நேரம் ஸ்டார்ட் ஆவதில்லை என்றார். ஸ்டியரிங் கவரைக் கழற்றிப் பார்த்தபோது செம்புச் சுருளின் மேல் இன்சுலேஷன் டேப்பில் ஒரு சிப் சுற்றி ஒட்டியிருந்தது. முன்பு எங்கேயோ ஸ்பேர் சாவி கேட்டிருக்கிறார். பதிவதற்குப் பதில், அவருடைய ஒரிஜினல் சாவியிலிருந்து சிப்பை உருவி அங்கே ஒட்டிவிட்டு, வெறும் பிளேடு இரண்டை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக அந்த வண்டியை எவன் ஒரு வெட்டுச் சாவியைப் போட்டுத் திருப்பியிருந்தாலும் ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். வெயிலில் பசை இளகி சிப் நகர்ந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. "ராத்திரி எல்லாம் ரோட்டுலதான் சார் நிறுத்துவேன்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபத்தில் பேச்சு வரவில்லை. அது அவருடைய பிழைப்பு. இந்த வேலையைத் தொழில் தெரிந்த ஒருவர்தான் செய்திருக்கிறார் என்பது இன்னும் உறுத்துகிறது.

அதனால் சாவி செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முதலிலும் கடைசியிலும் எண்ணிக்கையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்காமல் உங்களுக்குச் சாவி செய்து தருகிறவர், உங்கள் வண்டிக்கு இன்னொருவனுக்கும் செய்து தருவார். சாவி தொலைந்திருந்தால் காவல்துறையில் தொலைந்த பொருள் புகாரை இணையத்திலேயே பதிந்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியே திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது எல்லாச் சாவிகளையும்தான். இல்லாத சாவிக்கு உங்களிடம் ஒரு கணக்கு வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். டயரைத் தட்டிப் பார்க்கிறோம், ஆயில் பார்க்கிறோம், சாவி எத்தனை என்று கேட்பதில்லை. இரண்டு சாவியையும், சாவி எண் அடித்த சின்னத் தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தகடு இருந்தால் பூட்டைக் கழற்றாமலேயே பிளேடு வெட்டலாம். ஒரு சாவி மட்டும் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைச் செய்துவிடுங்கள். எல்லாமே போய்விட்ட பிறகு செய்வது பல மாடல்களில் யூனிட்டை வெளியே எடுத்துச் செய்யும் வேலை. செலவும் பல மடங்கு, வண்டியும் நகராது.

கக்கதாசபுரத்துத் தம்பியின் வண்டியும் பழையதாக வாங்கியதுதான். கிளம்புவதற்கு முன் ஸ்கேனரை மாட்டிக் காட்டினேன். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சாவி, திரையில் 3 என்று வந்தது. சேலம் பயணத்தை அன்று மதியத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மூன்றையும் அழித்து, அவருடைய சாவியையும் புதிதாக ஒரு ஸ்பேரையும் பதிந்தேன். திரையில் 2 என்று வந்ததும் அந்த அம்மா ஸ்பேரை வாங்கித் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்கள்.