கோடு மட்டும் எப்படித் தப்பியது?

வெள்ளைப்புலி பனிமலையில் வாழும் தனி இனமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. பனிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கோடையில் கொளுத்துகிற மத்திய இந்தியக் காட்டில் பிடிபட்ட வங்கப்புலியின் வாரிசு அது. அல்பினோவா என்றால், அதுவும் இல்லை. அல்பினோவுக்கு மெலனின் என்ற நிறமியே இருக்காது. கண் இளஞ்சிவப்பாகத் தெரியும். வெள்ளைப்புலிக்குக் கண் நீலம், உடம்பில் கோடுகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. கடைசி வரியில் அவர் போகிறபோக்கில் கேட்டதுதான் நல்ல கேள்வி: "சாயம் போனால் மொத்தமாகப் போக வேண்டியதுதானே, கோடு மட்டும் எப்படித் தப்பியது?"

பாலூட்டிகளின் மயிருக்கு முக்கியமாக இரண்டே சாயங்கள். கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். மஞ்சளும் செம்மையும் தருவது பியோமெலனின். புலியின் கோட்டில் முதலாவது, கோடுகளுக்கு இடையில் இரண்டாவது. எந்த மயிர்க்கால் எதைச் செய்ய வேண்டும் என்பது குட்டி கருவில் இருக்கும்போதே தோலில் குறிக்கப்பட்டுவிடுகிறது. கோலம் போடுகிற மரபணுக்கள் வேறு, மாவு அரைக்கிற மரபணுக்கள் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப்புலியில் கோலம் பிசகவில்லை. இரண்டு மாவில் ஒன்று வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை? 2013இல் சீனாவின் பீகிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லுவோ ஷுஜின் குழு இதைக் கண்டுபிடித்தது. வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கலந்து பிறந்த ஒரு குடும்பத்தின் 16 புலிகளுடைய டிஎன்ஏவை அலசி, அப்புறம் உறவில்லாத 130 புலிகளில் சரிபார்த்தார்கள். எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் அது உண்டாக்கும் புரதத்தின் 477ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்ற இன்னொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எனக்குத் திகட்டாத இடம் இதுதான். ஐநூற்றுக்கும் மேற்பட்ட மணிகள் கோத்த மாலையில் ஒரு மணி மாறியிருக்கிறது. அலனினைவிட வேலினுக்கு இரண்டு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுவும் கூடுதல். கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். இந்தப் புரதமோ நிறமிச் செல்லுக்குள், சாயம் தயாராகும் நுண்பையின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு வாசல். பைக்குள் அமிலத்தன்மை ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதில் இதற்குப் பங்கு உண்டு. அமிலம் ஏறினால் மெலனின் செய்யும் நொதி மந்தமாகிவிடும். பருத்த வேலின் இந்த வாசல்நடையில் துருத்திக்கொண்டு வழியை ஓரளவு அடைக்கிறது என்று கணினி மாதிரி காட்டியது. முழு அடைப்பாக இருந்தால் கோடும் வெளுத்திருக்கும். அரைகுறை அடைப்பு என்பதால் பியோமெலனின் அடிவாங்குகிறது, யூமெலனின் சமாளித்துக்கொள்கிறது. அதுவும் முழுசாகச் சமாளிக்கவில்லை: கிட்டத்தில் பார்த்தால் கோடுகள் பல புலிகளில் கருங்கறுப்பாக இருக்காது, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும்.

குதிரையிலும் இதே மரபணு இப்படி விளையாடுவதுண்டு. அங்கே வேறொரு மாற்றத்தின் ஒற்றைப் பிரதி இருந்தாலே செம்பழுப்பு உடல் பொன்னிறமாகிவிடும், பிடரியும் வாலும் கறுப்பாக இருந்தால் கறுப்பாகவே நிற்கும். ஐரோப்பியர்களின் வெளிர்ந்த தோலுக்கும் இந்த மரபணுவின் இன்னொரு வடிவம் ஒரு காரணம்.

புலிக்கு ஒற்றைப் பிரதி போதாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். மெண்டலின் பட்டாணிப் பாடம்தான். 1951இல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் பிடித்து வளர்த்த மோகன் என்ற வெள்ளைப்புலியை ஆரஞ்சுப் புலி பேகத்தோடு சேர்த்தார்கள். அத்தனை குட்டிகளும் ஆரஞ்சு. பிறகு மோகனை அதன் மகள் ராதாவோடே சேர்த்தார்கள். 1958இல் ஒரே ஈற்றில் நான்கு குட்டிகள், நான்கும் வெள்ளை! கணக்குப்படி அதற்கு வாய்ப்பு 16இல் 1தான்.

அந்த அதிர்ஷ்டத்துக்குப் புலிகள்தான் விலை கொடுத்தன. வெள்ளைக்காக அப்பா மகள், அண்ணன் தங்கை என்று திரும்பத் திரும்பச் சேர்த்ததில் ஊனக் குட்டிகள் பிறந்தன. வெள்ளைப்புலிகளில் காணப்படும் மாறுகண்ணுக்கு மட்டும் காரணம் வேறு. கரு வளரும்போது விழித்திரையின் நிறமி குறைந்தால், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் சில தவறான பக்கத்துக்குப் போய்விடுகின்றன. வெள்ளைப்புலிகளில் இந்தத் தடமாற்றத்தை 1973லேயே காட்டிவிட்டார்கள். சயாமியப் பூனைக்கும் இதே கதைதான்.

என்னைக் கேட்டால், வெள்ளைப்புலியைக் காட்டி இதுவே புலிப் பாதுகாப்பு என்று சொல்வது ஏமாற்று. அதற்குச் செலவாகும் காசு காட்டுக்குப் போகலாம். மோகனின் மகள் மோகினி 1960இல் அமெரிக்கா போய் இறங்கியபோது அதை வரவேற்றவர் அதிபர் ஐசனோவர். அதே நாட்டின் உயிர்க்காட்சிச் சாலைகள் சங்கம், நிறத்துக்காக வெள்ளைப்புலிகளை இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்று 2011இல் தன் உறுப்பினர்களுக்குத் தடை போட்டது.