மெஷினுக்குள் போகும் முன் நடப்பது

நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் யாருக்காவது மூளையில் கட்டி என்று ஸ்கேனில் வந்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் பேச்சு வேலூர்தான். நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி அங்கே சி.எம்.சி.யில் தொடங்கினார், அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. ஆனால் எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும், கத்தி வைக்காமல் காமா நைஃப் கதிர்வீச்சு கொடுக்கும்போது கூடப் போனவர்கள் கேட்பது ஒன்றுதான்: "காலையிலேயே தலையில் ஃப்ரேம் மாட்டிட்டாங்க, மெஷினுக்குள்ள விட ஏன் இவ்வளவு நேரம்?"

அந்த நேரத்தில்தான் திட்டமிடல் நடக்கிறது. என் பார்வையில் சிகிச்சையின் உயிரே அதுதான்.

தோலை மரக்கவைத்து, நான்கு திருகுகளால் ஃப்ரேமை மண்டை ஓட்டோடு இறுக்குகிறார்கள். ஸ்கேன் எடுக்கும்போது அதன்மேல் ஒரு பெட்டி ஏறும். பெட்டியின் பக்கங்களில் ஆங்கில 'என்' எழுத்து வடிவில் கோடுகள். ஸ்கேனின் ஒவ்வொரு வெட்டுப் படத்திலும் அவை மூன்று புள்ளிகளாகத் தெரியும். நடுப்புள்ளி சாய்ந்த கோட்டுடையது. அது எந்த ஓரத்தை நெருங்கியிருக்கிறது என்று பார்த்தால் அந்தப் படம் தலையில் எந்த உயரத்தில் எடுத்தது என்று சொல்லிவிடலாம். இப்படி மூளையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது.

அப்புறம் டாக்டரும் மருத்துவ இயற்பியலாளரும் படம் படமாகக் கட்டியின் ஓரத்தை வரைகிறார்கள். பார்வை நரம்பையும் மூளைத்தண்டையும் கூடவே வரைவார்கள். உடம்பின் வேறு இடத்திலிருந்து மூளைக்குப் பரவிவந்த சிறிய கட்டிக்கு ஒரே தடவையில் 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரைகூடத் தேவைப்படலாம். பார்வை நரம்புக்கோ 8 கிரேவைத் தாண்டவே தயங்குவார்கள். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடம் இருக்கும்.

மெஷினுக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் 192 மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. தனித்தனியாக ஒவ்வொன்றும் பலவீனமானது. சேரும் இடத்தில்தான் வலு. மையத்தில் விழும் அளவில் பாதி எந்தக் கோட்டில் வருகிறதோ, அதைக் கட்டியின் விளிம்போடு பொருத்துவது வழக்கம். விளிம்பில் 20 என்றால் நடுவே 40. சீராக இல்லையே என்று தோன்றும். ஆனால் கதிரின் அளவு சட்டென்று சரிவது அந்தப் பாதிக்கோட்டை ஒட்டித்தான். வெளியே இருக்கும் நல்ல மூளை தப்பிப்பதும் அதனால்தான்.

கட்டி பார்வை நரம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ஒரே நாளில் முடிப்பது கடினம். ஃப்ரேமுக்குப் பதில் முகத்துக்கு மாஸ்க் செய்து, 3 அல்லது 5 தடவையாகப் பிரித்துக் கொடுப்பதுண்டு. ரூம் எடுக்கும் முன்பே எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.