‘அதிகார வரம்பு இல்லை’: ஜூரிஸ்டிக்‌ஷன் தமிழில் படும் பாடு

“தந்தை வேறு மாநிலத்தில் வசிப்பதால் இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை.” அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கென்று எழுதப்படும் சட்டக் குறிப்புகளில் இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. சட்டம் படிக்காத, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வரம்பு இல்லையென்றால் கட்டுப்பாடு இல்லை, அந்த நீதிமன்றம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். எழுதியவர் சொல்ல வந்ததோ நேர் எதிர். அந்த அப்பாவைக் கூப்பிட்டு விசாரிக்க அந்த நீதிமன்றத்தால் முடியாது என்பதுதான் செய்தி. ஒரு கலைச்சொல் ‘இல்லை’ என்ற சொல்லோடு சேர்ந்ததும் தலைகீழாகிறது என்றால் அந்தக் கலைச்சொல்லில் கோளாறு இருக்கிறது.

ஜூரிஸ்டிக்‌ஷன் லத்தீனிலிருந்து வந்த சொல்; இதைத்தான் ‘அதிகார வரம்பு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். ‘யூஸ்’ சட்டம், நியாயம்; ‘டிக்டியோ’ சொல்லுதல். நியாயம் சொல்லும் உரிமை என்று பிரித்துக்கொள்ளலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் “இதுல தீர்ப்புச் சொல்ல நீ யாரு?” என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தச் சொல். மூலத்தில் நிலமும் இல்லை, எல்லையும் இல்லை.

பிறகு வரம்பு எங்கிருந்து வந்தது? வரம்பு என்றால் வயலின் வரப்பு. வரப்பு வயலுக்கு விளிம்பு, வயல் அல்ல. வயலைக் கேட்டவனுக்கு வரப்பைக் காட்டிய கதைதான் ‘அதிகார வரம்பு’. சில இடங்களில் அது பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. இத்தனை ரூபாய் வரைக்குமான வழக்கைத்தான் இந்த நீதிமன்றம் எடுக்கலாம் என்னும்போது ‘பண வரம்பு’ சரியான சொல். அங்கே பேச்சே விளிம்பைப் பற்றியது. ‘வரம்பு மீறிய உத்தரவு’ என்பதும் சரி. அதிகாரம் உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் வரம்பைக் கொண்டுவரக் கூடாது.

‘அதிகார எல்லை’ இன்னும் மோசம், ஏனென்றால் இது வாசகரின் பணத்தில் கைவைக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் எல்லை என்றதும் “எங்க ஸ்டேஷன் லிமிட்ல வராதுங்க” என்ற பதில்தான் காதில் விழும். இந்தியப் பராமரிப்பு வழக்குகளும் பெரும்பாலும் இடத்தை வைத்தே நடக்கின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 126ஆம் பிரிவும், அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 145ஆம் பிரிவும் கணவர் இருக்கும் இடம், மனைவி வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்று இடங்களைத்தான் சொல்கின்றன. அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கச் சட்டத்தை மொழிபெயர்ப்பவருக்கு ‘எல்லை’ தானாகக் கைக்கு வருகிறது. அங்கேதான் தப்பு நடக்கிறது.

அமெரிக்காவில் பிள்ளைப் பராமரிப்புத் தொகையை விதிக்கப் பிள்ளை அந்த மாநிலத்தில் இருந்தால் மட்டும் போதாது. பணம் கட்ட வேண்டிய ஆள்மீது நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும் (இதை ஆள்வழி அதிகாரம் என்போம்). 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் குல்கோ வழக்கில் இதை அழுத்திச் சொன்னது. அப்பா நியூயார்க்கில், அம்மா கலிபோர்னியாவில். மகள் அம்மாவிடம் போய் இருக்க ஆசைப்பட்டாள். அப்பா ஒருவழி விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த டிக்கெட்டைக் காட்டி அவரைக் கலிபோர்னியா நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று தீர்ப்பானது. மகள் கலிபோர்னியாவின் ‘எல்லைக்குள்’ தான் இருந்தாள். எல்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பை எப்படி விளக்குவது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெளிமாநிலத்து அப்பா பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் அவர் கையிலேயே சம்மனைக் கொடுத்துவிட்டால் அந்த மாநிலத்துக்கு அவர்மீது அதிகாரம் வந்துவிடும். முன்பு அந்த மாநிலத்தில் பிள்ளையோடு குடியிருந்திருந்தாலும் வரும். அதிகாரம் இல்லை என்ற ஆட்சேபத்தைக் கிளப்பாமல் நேராகப் பதில் மனு போட்டாலும் வந்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி வழியில்தான்: ‘எல்லைக்கு வெளியே இருக்கிறோம், ஒன்றும் ஆகாது’ என்ற தைரியத்தில் தொகையைப் பற்றி மட்டும் வாதாடி ஒரு பதிலை அனுப்பிவிடுகிறார்கள்.

பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு வேறு கணக்கு. அதில் பிள்ளை கடைசி 6 மாதம் வாழ்ந்த மாநிலத்துக்கே முதலிடம். எதிர்த்தரப்பின்மீது ஆள்வழி அதிகாரம் தேவையில்லை. ஆகவே ஒரே குடும்பத்தில் வளர்ப்புப் பொறுப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு மாநிலத்திடமும் தொகையைத் தீர்மானிக்கும் அதிகாரம் இன்னொன்றிடமும் இருக்கலாம். இரண்டையும் ‘அதிகார எல்லை’ என்று எழுதினால் வாசகர் இரண்டும் ஒன்று என்றுதான் நினைப்பார்.

தனித்தமிழ் அன்பர்கள் ‘ஆள்வரை’ என்கிறார்கள். ஆள்கின்ற வரை என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ‘ஆள் வரைக்கும்’ என்றுதான் கண் படிக்கிறது. நீதிமன்றத்துக்கு ஆள் வரை உண்டா என்றால் டவாலியா வருகிறார் என்று கேட்கத் தோன்றும். இதிலும் ‘வரை’ என்று விளிம்புதான் ஒளிந்திருக்கிறது. ‘ஆள்புலம்’ என்றாலும் நிலம்தான். இலங்கைச் சட்டத்தமிழின் ‘நியாயாதிக்கம்’ வடமொழி வாடை என்று இங்கே ஒதுக்கப்படுகிறது. ஆனால் பொருளில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் மூலத்துக்கு அருகில் நிற்கிறது. ‘நியாயாதிக்கம் இல்லை’ என்றால் இல்லை என்றே பொருள்படும். ஆதிக்கம் என்ற சொல் தமிழ்நாட்டில் அடக்குமுறையை நினைவூட்டும் என்பது ஒன்றே எனக்குள்ள தயக்கம்.

என் வாக்கு ‘தீர்ப்பதிகாரம்’ என்ற சொல்லுக்கு. ஓடும் வாக்கியத்தில் வெறும் ‘அதிகாரம்’ போதும்: “இந்த வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை.” அதிகாரமும் வடமொழிதானே என்பவர்களுக்கு, ஆமாம், பல நூற்றாண்டாக நம் வீட்டில் இருக்கிறது, இனிமேல் அனுப்ப முடியாது. தனிச்சொல்லாக வேண்டும்போது தீர்ப்பதிகாரம் என்று எழுதுவதில் ஒரு லாபம் இருக்கிறது: தொகையைத் தீர்மானிப்பது வேறு, தீர்மானித்ததை வசூலிப்பது வேறு என்பது சொல்லிலேயே தெரியும். மாநிலம் கடந்த பராமரிப்பு வழக்கின் உயிர்நாடியே அந்த வேறுபாடுதான்.

அதற்கான சட்டம் 1992இல் வரைவானது. மாநிலங்களுக்கிடையிலான குடும்பப் பராமரிப்புக்குரிய சீர்மைச் சட்டம், சுருக்கமாக யூயிஃப்சா (UIFSA); எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இயற்றிக்கொள்வதற்கான மாதிரிச் சட்டம். 1996இன் மத்தியச் சட்டம் நெருக்கியதால் எல்லா மாநிலங்களும் அதை ஏற்றன. அதற்கு முன்பு ஒரே பிள்ளைக்கு மூன்று மாநிலத்தில் மூன்று தொகை ஓடிக்கொண்டிருப்பது சாதாரணம். இப்போது ஒரு நேரத்தில் ஓர் உத்தரவுதான். அதை மாற்றும் அதிகாரமும் ஒரே மாநிலத்திடம். இந்த அதிகாரத்துக்குக் கிடைத்திருக்கும் தமிழ் ‘தொடர்ச்சியான பிரத்யேக அதிகார வரம்பு’. நான்கு சொல், ஒன்றும் புரியவில்லை. ‘தொடரும் தனியதிகாரம்’ போதாதா?

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நியூயார்க்கில் உத்தரவு போட்டாயிற்று. அம்மாவும் பிள்ளையும் கலிபோர்னியாவுக்குக் குடிபோகிறார்கள், அப்பா நியூயார்க்கிலேயே இருக்கிறார். அப்பா, அம்மா, பிள்ளை மூவரில் ஒருவர் அங்கே வசிக்கும்வரை தனியதிகாரம் நியூயார்க்கிடம்தான். தொகையைக் கூட்ட வேண்டுமென்றால் அம்மா நியூயார்க்கில்தான் கேட்க வேண்டும் (இருவரும் எழுத்தில் சம்மதித்தால் வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்). பிறகு அப்பாவும் டெக்சஸுக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். நியூயார்க்கில் யாரும் இல்லை, அதன் மாற்றும் அதிகாரம் போயிற்று. உத்தரவு போகவில்லை! இதைத்தான் ‘எல்லை’ மறைத்துவிடுகிறது. மூவரும் எல்லையைத் தாண்டியதால் உத்தரவு காலாவதி என்று நினைத்துத் தொகையை நிறுத்துபவர்கள் உண்டு. ஒவ்வொரு தவணையும் அதன் நாள் வந்ததுமே தீர்ப்புக் கடனாகிவிடும், அதாவது நீதிமன்றமே தீர்ப்பளித்த கடனுக்குச் சமம். 1986 முதல் மத்தியச் சட்டம் அதைப் பின்தேதியிட்டுத் தள்ளுபடி செய்ய விடுவதில்லை. வேலை போயிற்று என்று எட்டு மாதம் கழித்து மனு போட்டால், பொதுவாக மனுவைப் பற்றி எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போன நாளிலிருந்துதான் குறைக்கலாம். முந்தைய எட்டு மாதப் பாக்கி அப்படியே நிற்கும்.

இனி மாற்ற வேண்டுமென்றால் கேட்கிறவர்தான் எதிராளியின் ஊருக்குப் போக வேண்டும். கூட்டக் கேட்கும் அம்மா டெக்சஸில். குறைக்கக் கேட்கும் அப்பா கலிபோர்னியாவில். தம் ஊர் நீதிபதி தமக்குச் சாதகமாக இருப்பார் என்ற ஆசைக்கு இடம் கொடுக்காத ஏற்பாடு. இருவரும் ஒரே மாநிலத்தில் குடியேறிவிட்டால் அந்த மாநிலமே மாற்றலாம். ஆனால் எந்த மாநிலம் மாற்றினாலும் தொகையைத்தான் தொடலாம், காலத்தை அல்ல. நியூயார்க் உத்தரவு 21 வயதுவரை ஓடும். டெக்சஸில் பொதுவாக 18 வயதோ பள்ளிப்படிப்பு முடிவதோ எது பிந்தியதோ அதுவரைதான் என்பதற்காக அது சுருங்காது.

வசூலுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. உத்தரவை டெக்சஸில் பதிவு செய்து அங்கேயே வசூலிக்கலாம். அனுப்பும் கடிதம், உத்தரவின் இரண்டு நகல் (ஒன்று சான்றிட்டது), பாக்கி எவ்வளவு என்ற பிரமாண வாக்குமூலம், கட்ட வேண்டியவரின் முகவரி, வேலை செய்யும் இடம், சொத்து விவரம் ஆகியவை வேண்டும். பதிவே செய்யாமல் வேறு மாநில முதலாளிக்கு நேராகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லும் உத்தரவை அனுப்பவும் வழியுண்டு. பாக்கிக் கணக்கு மாதவாரியாக இல்லாமல் மொத்தமாக ஒரே எண்ணாக இருந்தால், கட்டியதைக் கழிக்கவில்லை என்ற சண்டை அங்கேதான் பிறக்கும்.

இந்தத் தாள்களின் தமிழைப் பற்றியும் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது. ‘சைல்ட் சப்போர்ட்’ என்பதைக் ‘குழந்தை ஆதரவு’ என்று எழுதுகிறார்கள். குழந்தை யாருக்கு ஆதரவு தருகிறது? ஜீவனாம்சம் என்றாலோ நம்மவர்களுக்கு மனைவிக்குக் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும். பிள்ளைப் பராமரிப்புத் தொகை என்று முழுசாகச் சொன்னால் என்ன குறைந்துபோகும்? அமெரிக்க வக்கீல்கள் பக்கத்து மாநிலத்துத் தீர்ப்பையும் ‘ஃபாரின்’ என்பார்கள். மொழிபெயர்ப்பவர் அதை ‘வெளிநாட்டு உத்தரவு’ ஆக்கிவிடுகிறார், நியூஜெர்சி நாடாகிவிடுகிறது. 2008 திருத்தத்துக்குப் பிறகு யூயிஃப்சாவில் அதே சொல் உண்மையான வெளிநாட்டு உத்தரவைக் குறிக்கும். எது என்று மூலத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது ‘பதிவு அறிவிப்பு’. ஏதோ அலுவலகத்தில் பெயர் பதிந்ததைத் தெரிவிக்கும் தாள் என்று மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது வெளிமாநில உத்தரவை உங்கள் மாநிலத்தில் நிறைவேற்றப்போவதாகச் சொல்லும் எச்சரிக்கை. எதிர்க்க விரும்பினால் பெரும்பாலும் 20 நாளுக்குள் விசாரணை கேட்க வேண்டும்; கெடு அந்தத் தாளிலேயே இருக்கும். உத்தரவிட்ட நீதிமன்றத்துக்கு என்மீது அதிகாரம் இல்லை, மோசடியில் வாங்கிய உத்தரவு, பணம் கட்டியாயிற்று, வசூலிக்கும் காலக்கெடு முடிந்துபோன பாக்கி என்று எதிர்க்கச் சில காரணங்களே உண்டு. தொகை அதிகம் என்பது அவற்றில் ஒன்றல்ல. கெடு தாண்டினால் பாக்கித் தொகை உட்பட எல்லாம் உறுதியாகிவிடும். ஆகவே அந்தத் தாளின் தலைப்பை ‘வெளிமாநில உத்தரவை இங்கே நிறைவேற்றப் பதிந்ததற்கான அறிவிப்பு’ என்று, நீளமானாலும், எழுதுங்கள்.